பாதி பூசிய பை

பூசண வாசனை எனக்கு முதலில் தொண்டையில்தான் தட்டும். பையின் வாயைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனதும் தட்டியது. மூன்று மழைக்காலமாவது ஏதோ ஒரு பீரோவுக்கு மேலே கிடந்திருக்கும். ரெஹானா அக்கா நேற்று ஆள்விட்டு அனுப்பிய நான்கில் இதுதான் மோசம். ஆனால் நல்ல தோல், காப்பிக்கொட்டை நிறம், அகலமான வார். இந்தத் தோல் இப்ப வர்றதே இல்ல வசு, எப்படியாவது எழுப்பிடு என்று போனில் சொன்னாள். பெரியமேட்டில் இருந்துகொண்டு பழைய தோல் பைகளை வாங்கி ஆன்லைனில் படம் போட்டு விற்கிறவள். அவளை நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக அவள் பைகள் என் வீட்டுக்கு வருகின்றன, நான் துடைத்துத் தேய்த்து நிறம் பூசித் திருப்பி அனுப்புகிறேன், அவ்வளவுதான். ஒருநாள் கடைக்கு வாயேன் என்பாள். வர்றேன்க்கா என்பேன். பல்லாவரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வர்றேன்க்கா. இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, பெரியப்பா போனபோது வாசல்வரை வந்து நின்று செருப்பில் ஒரு கால் விட்டு, மற்றக் காலை விட முடியாமல்.

உள்துணியை வெளியே இழுத்துத் திருப்பினேன். பையை இப்படிக் குடல் பிடுங்கிப் பார்த்தால்தான் அது யாருடைய கையில் இருந்தது என்று தெரியும். தையல் ஓரத்தில் பவுடர், ஒரு ஊக்கு, இருமல் மிட்டாயின் வெள்ளித்தாள், எண்ணெய் ஊறிப்போன பஸ் டிக்கெட்டு. இந்தப் பெண்மணி நிறைய அலைந்திருக்கிறாள். எல்லாப் பைகளும் அலைந்த பைகள்தான். கோயில் குங்குமப் பொட்டலம் வந்திருக்கிறது, ஆஸ்பத்திரி டோக்கன் வந்திருக்கிறது, ஒரு முறை கடல் மணல், விரலில் நறநறவென்று. அந்த மணலைக் குப்பையில் கொட்ட மனசு வராமல் ஒரு நாள் முழுக்க மேசையில் வைத்திருந்தேன். இவளுக்கெல்லாம் காலையில் எழுந்ததும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவது பெரிய விஷயமாக இருந்திருக்காது, கிளம்புகிறோம் என்றுகூட நினைத்திருக்க மாட்டாள். பிரஷ்ஷால் ஓரங்களைத் தட்டினேன். ஜன்னலோரமாகத் தட்ட வேண்டும், பூசணம் மூச்சில் போகக் கூடாது. ஜன்னலோரம் என்றால் ஜன்னலைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு. மூன்றாவது மாடி. கீழே தெருவைப் பார்த்தால் நெஞ்சுக்குள் ஒரு சின்ன மீன் புரளும். பார்க்காவிட்டால் புரளாது. வினிகரில் தண்ணீர் கலந்து துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, பச்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அழுத்தித் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும், மெதுவாக ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. முதலில் கெடுத்தது என் வீட்டுக்காரர் தயாளனின் தங்கை பையை. வெயிலில் வைத்துவிட்டேன், தோல் சுருங்கி அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

நனைந்த தோல் வெயிலில் சுருங்குவதைப் போல ஒரேயடியாகச் சுருங்கியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. முதலில் ரயில் போயிற்று. ஸ்டேஷனில் நடைமேம்பாலத்துப் படியில் ஏறும்போது காற்று தீர்ந்துபோன மாதிரி இருந்தது, கை இரண்டும் மரத்துப்போய், செத்துவிடப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது, அத்தனை தெளிவாக எனக்கு வேறு எதுவும் தெரிந்ததில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிக் கால்கள். யாரோ என் பையாலேயே எனக்கு விசிறினார்கள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறதென்றார்கள், பதற்றம், ஓய்வெடுங்கள். சரி, ரயில் வேண்டாம், பஸ் இருக்கிறதே. பிறகு பஸ்ஸும் வேண்டாம், நடந்து போகிற தூரத்தில் இல்லாத எதுவும் வேண்டாம். பிறகு மார்க்கெட். பிறகு முனைக் கடை. பிறகு வாசல் கேட்டு. ஒவ்வொன்றையும் விடும்போது இது மட்டும்தான், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இப்போது இரண்டாவது மாடி வளைவுவரை, அதுவும் குப்பை வாளி வைக்க. அதற்குக் கீழே இரண்டு வருஷமாக இறங்கவில்லை. தயாளன் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. நீ ஏன் இறங்கற, நான் வாங்கிட்டு வர்றேன். நீ ஏன் வர்ற, நான் கூட்டிட்டுப் போறேன். அரிசி, காய், மாத்திரை, எனக்கு உள்பாவாடைவரை அவரே வாங்கி வருவார், அளவு தப்பாது. இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கணும் என்று அவர் தங்கை சொன்னாள். கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன். ஒரு முறை, போன தீபாவளிக்கு முன்னால், கேட்டுவரைக்கும் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் முகம் எப்படி ஆயிற்றென்றால், நான் ஏதோ அவரிடம் குறை கண்டுவிட்ட மாதிரி. இப்ப என்ன அவசரம் வசு, விழுந்து கிழுந்து வெச்சா? அதற்குப் பிறகு கேட்கவில்லை. பூட்டு எதுவும் கிடையாது. கதவுத் தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருக்கிறது.

துடைத்த பையை ஃபேனுக்குக் கீழே வைத்தேன். காய்கிறவரைக்கும் ஜிப்புக்கு மெழுகுவத்தி தேய்த்தேன். பள்ளிக்கூட மணி அடித்தது. சாப்பாட்டு மணி. இரண்டு தெரு தள்ளி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் காலையில் வரிசையில் நின்று பாடுவதுகூடக் கேட்கும். என் மகள் தாரிணி ஆறாம் வகுப்புக்கு அங்கே சேர்ந்தாள், இப்போது எட்டு. நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலைப் பார்த்ததில்லை. சுவர் என்ன நிறம் என்று கேட்டேன் ஒரு நாள். மஞ்சள்மா, ஏன்? சும்மாதான். காலையில் தலை வலிக்குது என்றாள். ஒரு தோசையில் பாதியைத் தட்டிலேயே ஒதுக்கிவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், லேசாகத்தான் இருந்தது, இருந்ததா, என் கை அடுப்பிலிருந்து வந்த கை, எனக்கு என்ன தெரிந்தது. போய்ட்டு வா, மத்தியானம் சரியாகிடும் என்றேன். அவள் இருந்துவிடட்டுமா என்று கேட்கவில்லை. இருந்துவிடட்டுமா என்று கேட்கிற பெண் இல்லை அவள். இந்த வருஷம் பெற்றோர் கூட்டத்துச் சீட்டைக்கூட என்னிடம் காட்டவில்லை, நேராக அப்பா சட்டைப் பையில் வைத்துவிட்டாள். துவைக்கப் போட்ட சட்டையில் அது நனைந்து கூழாகி வந்தபோதுதான் எனக்குத் தெரியும். என்னிடம் ஏன் சொல்லலை? நீ வரமாட்டல்லம்மா. கோபமே இல்லாமல் சொன்னாள். மழை பெய்யாதுல்ல என்று சொல்கிற மாதிரி. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மெழுகு நகத்தில் ஏறிவிட்டது. ஜிப் ஓடுகிறது, போய் வருகிறது, போய் வருகிறது.

தோல் காய்ந்துவிட்டது. நிறம் பூசுவதுதான் கஷ்டம். கிண்ணத்தில் காப்பிக்கொட்டை நிறத்தையும் ஒரு சொட்டுக் கறுப்பையும் குழைத்து, அடிப்பக்கத்து மூலையில் தொட்டுப் பார்த்து, இன்னொரு சொட்டு, சரி. ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கத்தை ஆரம்பித்தால் அந்தப் பக்கம் முடிகிறவரை கையை எடுக்கக் கூடாது. நடுவில் நிறுத்தினால் ஈரத்தின் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும், அப்புறம் என்ன பண்ணினாலும் அந்தக் கோடு போகாது, எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து. இந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பிடிக்கும். இதில் மட்டும் நெஞ்சு சும்மா இருக்கும். மேல் மூலையில் ஆரம்பித்து வலப்பக்கம், வட்டம், வட்டம், வெளுத்த தோலின் மேல் நிறம் ஏறுகிறது. போன் அடித்தது. தெரியாத நம்பர். இரண்டு கையிலும் நிறம், அடிக்கட்டும். நின்றது. வட்டம், வட்டம். மறுபடி அடித்தது. ஏதாவது லோன்காரர்களாக இருக்கும். பாதிப் பக்கம் வந்துவிட்டேன், இன்னும் ஐந்து நிமிஷம். மூன்றாவது முறை அடித்தபோது என் கை நின்றுவிட்டது. மூன்று முறை யாரும் சும்மா அடிக்க மாட்டார்கள். முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

"தாரிணி வீடுங்களா?"

"ஆமா."

"நான் அவ கிளாஸ் டீச்சர் பேசறேன். அவங்க அப்பா நம்பருக்கு அடிச்சிட்டே இருக்கேன், எடுக்கல. ஃபாரத்துல ரெண்டாவது நம்பர் இது. அவங்க அம்மா துபாய்ல இருக்காங்கன்னு தெரியும். வீட்ல வேற பெரியவங்க யாராச்சும் இருக்கீங்களா? நீங்க யாரு பேசறது?"

ஸ்பாஞ்சிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்ததைப் பார்த்தேன். துபாய். யார் துபாயில். ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"நான் சித்தி," என்றேன்.

"நல்லதாப் போச்சுங்க. பிள்ளைக்கு நல்ல காய்ச்சல். ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா. பெரியவங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நான் அனுப்ப முடியும். நீங்க வர எவ்வளவு நேரமாகும்?"

"அஞ்சு நிமிஷம்."

எனக்கு அக்காவும் இல்லை தங்கையும் இல்லை. சொன்னது யார். கையைத் துணியில் துடைத்தேன், நிறம் போகவில்லை, விரல் இடுக்கெல்லாம் பழுப்பு. தயாளனுக்கு அடித்தேன். ஒரகடத்தில் கம்பெனிக்குள் போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், தெரிந்துதான் அடித்தேன், அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. ஆறு மணிக்கு முன்னால் வர மாட்டார். இரண்டு தடவை வாந்தி. துபாய் என்று ஏன் சொன்னாள். எப்போதிலிருந்து சொல்கிறாள், ஆறாம் வகுப்பிலிருந்தா, தோழிகளிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள், அந்த அம்மா அங்கே என்ன வேலை பார்க்கிறாள், சாக்லேட் அனுப்புகிறாளா. நெஞ்சுக்குள் புரள ஆரம்பித்தது. வா என்று அதற்காகக் காத்திருந்தேன். வந்தது, ஆனால் ஏதோ பக்கத்து அறையில் வருகிற மாதிரி. சித்திக்கு இது கிடையாதே. சித்தி ஊரிலிருந்து வந்திருக்கிறாள், நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள், சித்தி ரயிலில்தான் வந்தாள், மேம்பாலம் ஏறித்தான் வந்தாள். பெயர் சாருமதி என்று வைத்துக்கொள்வோம். சாருமதி சேலையைச் சரிசெய்தாள். வெளியே போகிறவள் தோளில் ஒரு பை வேண்டுமே என்று அலமாரியிலிருந்து, முடித்து வைத்திருந்த மெரூன் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். மேசையில் காப்பிக்கொட்டைப் பை பாதி இருட்டும் பாதி வெளுப்புமாகக் கிடந்தது. கோடு விழும். விழட்டும்.

படிகளை எண்ணினேன். வளைவில் குப்பை வாளி. அதைத் தாண்டியபோது எண்ணிக்கை தவறிவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து. யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. கேட்டு கையில் சுட்டது, அது திறக்கும்போது போடுகிற சத்தம் மாறியிருந்தது, அல்லது நான் மறந்துவிட்டேன். தெரு. தெரு இத்தனை அகலமா. ஒரு மணி வெயில் மேலிருந்து கொட்டுகிறது, வானத்துக்கு விளிம்பே இல்லை, பிடித்துக்கொள்ள எங்கும் ஒன்றும் இல்லை. தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது, காலுக்குக் கீழே தரை ஒரு கணம் காணாமல்போய்த் திரும்ப வந்தது. சாருமதி ஒதுங்கினாள். சாருமதி கிராமத்துப் பள்ளியில் வேலை பார்க்கிறவள், வெயிலெல்லாம் அவளுக்குப் பழக்கம். அவளுக்குக் குழந்தை இல்லை, அக்கா மகள் என்றால் உயிர். நல்ல பெண். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளைப் போக விட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டு போனேன். அப்படித்தான் அந்தத் தெரு முடிந்தது, திருப்பம் வந்தது, மஞ்சள் சுவர் வந்தது. மஞ்சள்தான். மழைநீர் ஒழுகின கறுப்புத் தாரைகளோடு ஒரு மஞ்சள். வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். பெயர்: சாருமதி. உறவு: சித்தி. என் கையெழுத்துத்தான், ஆனால் சாய்ந்திருந்தது.

ஆபீஸ் அறை வராந்தாவில் ஒரு பெஞ்சில், ஈரக் கைக்குட்டையை நெற்றியில் வைத்துச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள் தாரிணி. என்னைவிட உயரமாகிவிட்டாள் போல இருந்தது. வீட்டுக்குள் அது தெரியவில்லை. டீச்சர் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. வாங்க வாங்க, அவங்க சித்திதானே, முகஜாடை இருக்கு என்றாள். தப்பா எடுத்துக்காதீங்க, பிள்ளைய அனுப்பறதுன்னா ஒரு ஐடி கார்டு பாக்கணும், ஆதார் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? வெச்சிருக்கேனே என்றது என் வாய். பையைத் திறந்து கையை விட்டேன். உள்ளே பேப்பர். வடிவம் குலையாமல் இருக்க நானே கசக்கித் திணித்து வைத்த பழைய தினசரி. ஒரு உருண்டையை எடுத்தேன். இன்னொன்று. எதற்காக எடுக்கிறேன் என்று தெரியாமல், அடியில் ஏதாவது இருந்துவிடும் என்கிற மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தேன். டீச்சர் மேசைமேல் பேப்பர் உருண்டைகள் சேர்ந்தன. அந்தச் சரசரப்பில் தாரிணி கண் திறந்தாள். காய்ச்சலில் சிவந்த கண். முதலில் பையைத்தான் பார்த்தாள்.

"அம்மா, அது கஸ்டமர் பேக்மா," என்றாள்.

தாரிணிக்குத் தான் சொன்னது என்னவென்று புரிந்து, அவள் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தான் மிஸ் அவ அம்மா. துபாய்க்கெல்லாம் போகல. ரெண்டு தெரு தள்ளி வீட்லதான் இருக்கேன். என் பேர் வசுமதி. அவமேல தப்பு இல்ல."

டீச்சர் என்னைப் பார்த்தாள், என் விரல்களில் ஒட்டியிருந்த பழுப்பைப் பார்த்தாள், தாரிணியைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கேள்வி கேட்கவில்லை. வாட்ச்மேன் நோட்டை வாங்கிவரச் சொல்லி, சாருமதியை ஒரு கோடு போட்டு அடித்து, "இங்க உங்க பேர எழுதிடுங்க" என்றாள். எழுதினேன். எழுதி முடித்ததும்தான் தெரிந்தது, சாருமதி போய்விட்டாள். வரும்போது அவள் கூட்டிவந்த வழி முழுவதையும் திரும்ப நான் நடக்க வேண்டும். நான்.

வாசலுக்கு வெளியே வந்தோம். அவள் புத்தகப் பையை நான் வாங்கிக்கொண்டேன். ஏன் துபாய் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"தூரமா இருக்கணும்லம்மா. இங்க பக்கத்துலதான் இருக்காங்கன்னா, ஏன் ஒரு நாளும் வரலைன்னு கேப்பாங்க." கொஞ்சம் கழித்து, "கோவமா?" என்றாள்.

"இல்ல."

திருப்பம்வரை வந்துவிட்டோம். திருப்பத்தில் நிழல் முடிகிறது. அங்கே வந்தது, இந்த முறை பக்கத்து அறையில் அல்ல, முழுசாக, என் நெஞ்சுக்குள், மேம்பாலத்துப் படியில் வந்த அதேதான். கை மரத்தது. காற்று இருக்கிறது, உள்ளே போகமாட்டேன் என்கிறது. செத்துவிடப் போகிறேன், இங்கே, பிள்ளையின் முன்னால், அவள் காய்ச்சலோடு நிற்கும்போது. யார் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோ, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஓடிவிடலாம், எங்கே, பள்ளிக்கும் தூரம் வீட்டுக்கும் தூரம். தயாளன் வந்தால் என்ன சொல்வார், நான்தான் சொன்னேனே வசு. சொன்னார். சரியாகத்தான் சொன்னார். இனி குப்பை வாளிகூட வேண்டாம் என்பார், நானும் சரி என்பேன், வீடு இன்னும் ஒரு அறை சின்னதாகிவிடும். சுவர் சுடுகிறது. தாரிணி என் முதுகில் கை வைத்தாள், அவள் கை சுவரைவிடச் சுட்டது. உட்காரலாமாம்மா என்றாள். தலையாட்டினேனா இல்லையா தெரியவில்லை. கூடையில் கீரையோடு போன ஒரு அம்மாள் நின்றாள்.

"என்னாச்சு? பொண்ணு முகமெல்லாம் செவந்து கெடக்கு, இந்தம்மா இப்படி நிக்குது? யாரும்மா இவங்க?"

அம்மா தூரமாக இருக்க வேண்டும் என்று தாரிணி ஒரு நாளைக்கு எத்தனை முறை யோசித்திருப்பாள். இப்போதும் ஏதாவது சொல்லலாம், தெரியாத பெண்மணி, தெரியாத தெரு, எதைச் சொன்னாலும் நம்புவாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எங்கம்மா," என்றாள் தாரிணி. "அவங்களுக்கு வெளிய வந்தா இப்படி ஆகும். எனக்குக் காய்ச்சல்னு கூப்பிட வந்தாங்க. கொஞ்சம் நின்னுட்டுப் போயிடுவோம்."

அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் எங்கள் இருவருக்கும் பொதுவாக விசிறினாள். மூச்சு இன்னும் வரவில்லை. சுவரிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. எங்கள் வீட்டு மாடி ஜன்னல் அங்கிருந்தே தெரிந்தது. நான் எப்போதும் முதுகைக் காட்டி உட்காரும் ஜன்னல், திறந்தபடியே இருந்தது. வெளியிலிருந்து அதை நான் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.